கை தட்டாத புதன்கிழமைகள்

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு கையில் பிடித்தது ரப்பர் மரம் சீவும் உளிதான். இப்போது மறதி வேறு. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் நீங்கள் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, நீங்க வேலை செஞ்ச காலத்தைப் பத்தி எங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். எங்கே எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பேசச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில், எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் எழுதுவது இன்னும் கஷ்டம் என்று தெரிந்தது.

பயிற்சிகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதெல்லாம் நீங்கள் படித்து வந்திருக்கிறீர்கள். பாய் விரிப்பது, பொம்மைகளைக் கழுவிக் காயவைப்பது, டீச்சர் வேலை செய்யும்போது பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொள்வது, அம்மாமார்களுக்குத் தேத்தண்ணி கலக்குவது, இவைதான் என் வேலை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் நாங்கள் வண்டி கொண்டுபோன கதை.

டீச்சர் என்று நான் சொல்வது, அப்போது நிலையத்தை நடத்திய பெண்ணை. பெயர் போடவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். என் மூத்த மகள் வயது. பெரிய படிப்புப் படித்தவர். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் ஒரு வினோதமான குணம் உண்டு. புரியாத ஒன்று எதிரே வந்தால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். அவருக்குச் சந்தோஷம் வரும். "அக்கா, இது ஏன்னு எனக்குத் தெரியலையே!" என்று சொல்லும்போது, யாரோ பலகாரம் கொடுத்த மாதிரி முகம் மலர்ந்திருக்கும்.

உட்காரப் பிந்தின பிள்ளை, நடக்கப் பிந்தின பிள்ளை, பேச்சு வராத பிள்ளை இவர்களையெல்லாம் பள்ளிக்கூட வயதுக்கு முன்பே பார்த்து உதவி செய்வதுதான் நம் நிலையத்தின் வேலை. முதலில் எல்லோரும் பீடோங்கில் இருக்கும் நிலையத்துக்கே வரட்டும் என்றுதான் திட்டம் இருந்தது. டவுன் பிள்ளைகள் வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு தடவை வருவார்கள், பிறகு காணோம். பஸ் உள்ளே போகாது. வீட்டில் இருக்கும் ஒரு மோட்டார் சைக்கிளும் விடியுமுன்பே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சரி, நாம் போவோம் என்றார் டீச்சர்.

அந்தத் திட்டத்தை அவர் போட்ட விதம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு யார் எந்நேரம் போகிறார்கள், செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் எந்நேரம் வீடு திரும்புகிறார்கள், குளித்துச் சோறாக்க எவ்வளவு நேரமாகும், எந்தக் கிழமை சம்பளம், எந்தக் கிழமை கோயில், எல்லாவற்றையும் விசாரித்தார். ஜெராய் மலைப்பக்கம் மேகம் இறங்கினால் எந்த வழியில் சேறாகும் என்றுகூடக் கேட்டு வைத்துக்கொண்டார். புதன்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னே, பழைய ஆயாக்கொட்டகையில் என்று முடிவானது. அந்தக் காலத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகை அது. பூட்டிக் கிடந்ததைக் கூட்டிக் கழுவி, சுவருக்கு மஞ்சள் சாயம் அடித்தோம்.

நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் யோசித்தோம். அந்த அம்மாமார்களிடம் என்ன கேட்கப்போகிறோம், எப்படிக் கேட்கப்போகிறோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

டீச்சரின் வழக்கம், பிள்ளை சின்னதாக ஒன்று செய்தாலும் கை தட்டுவது. கையை நீட்டினால் கைதட்டல். தலையைத் தூக்கினால் கைதட்டல். "எல்லா அம்மாவும் சேர்ந்து தட்டுங்க! வெரி குட்! எவ்வளவு அழகா நிக்கறா பாருங்க!" கொட்டகைத் தகரமே அதிரும். வேலை முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்பார்.

"இந்த வாரம் வீட்டுல புதுசா என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"உங்க மகள்?"

"அப்படியேதான் இருக்கா டீச்சர்."

அடுத்தவளும் அதையேதான் சொல்வாள். வாரா வாரம் இப்படித்தான். டீச்சரும் நிலையத்துக்குத் திரும்பி அதையே எழுதிக் கொடுப்பார். மாற்றமில்லை, மாற்றமில்லை, மாற்றமில்லை. ஆனால் ஒருத்தியும் வராமல் நின்றதில்லை. மழை பெய்தாலும் பிளாஸ்டிக் பையைக் குல்லாவாக மாட்டிக்கொண்டு பிள்ளையை மார்போடு அணைத்தபடி செம்மண் சேற்றில் நடந்து வருவார்கள்.

திரும்பும் வழியில் டீச்சர் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார், "அக்கா, ஒரு கடையில சாமான் நல்லா இல்லன்னா மறுபடியும் அந்தக் கடைக்குப் போவீங்களா?"

"போகமாட்டேன் டீச்சர்."

"ஒரு பிள்ளைக்கும் ஒரு முன்னேற்றமும் இல்லையாம். ஆனா ஒருத்தரும் நிக்கல. எதுக்கு வராங்க?"

"என் தேத்தண்ணிக்கா இருக்குமோ என்னவோ."

"உங்க தேத்தண்ணியில சீனியே இருக்காதுலா அக்கா. அதுக்கு வரமாட்டாங்க."

அவர் சிரித்தாலும் உள்ளுக்குள் கவலை இருந்தது. நிலையத்துக்கு இருப்பது ஒரே வண்டி. செயற்குழுத் தலைவர் பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷன், குரல்தான் பெரிசு. கோத்தா கோலா மூடாவிலிருந்து சில குடும்பங்கள் அவரிடம் வந்து, எங்கள் பக்கமும் வாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். அங்கேயும் நடக்காத பிள்ளைகள் இருந்தார்கள். "முன்னேற்றமே இல்லாத இடத்துக்கு வண்டி போயி என்னம்மா லாபம்? அந்தப் புதன்கிழமைய கோலா மூடாவுக்குக் குடுத்துருவோமே" என்று அவர் கேட்டது நியாயம்தான்.

வண்டி நின்றால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கு முதலில் ஹேமாவின் முகம்தான் வரும். மூன்று வயது ஆகப்போகிற பெண்பிள்ளை. கால் இரண்டும் துணி மாதிரி துவளும். வாயில் வார்த்தை வரவில்லை. ஆனால் அந்தக் கண் இருக்கிறதே, ஈ பறந்தாலும் விடாது. அவள் அம்மா பவானி உதிரிப்பழம் பொறுக்குபவள். அப்பா முரளி குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவன். பவானிக்கு மோட்டார் ஓட்ட வராது. வண்டி நின்றால் ஹேமாவுக்கு எல்லாம் நின்றுபோகும்.

ஒரு சனிக்கிழமை, அந்தத் தோட்டத்திலேயே என் சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்து. நான் போவது தெரிந்ததும், ஹேமாவுக்குச் சொல்லிவைத்திருந்த, கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ் மாதிரியான சப்பாத்தை டீச்சர் என்னிடம் கொடுத்துவிட்டார். விருந்துச் சாப்பாடு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பவானி வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் போனதுதான் சங்கதி.

வீட்டுப் பக்கவாட்டில் சிமெண்டுத் தரை. நான் வேலியோரம் வரும்போது கிர்ர் கிர்ர் என்று ஏதோ இழுபடும் சத்தம். பிறகு முரளியின் குரல். "அடியே திருட்டுக் கழுத! எங்கடி கிளம்பிட்ட? பாசாருக்கா, சாமான் வாங்க? யாரக் கேட்டுடி போற?"

எட்டிப் பார்த்தேன். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தானாக நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை முன்னே தள்ளி, ஹேமா நடந்து வந்தாள். நிற்பாள், நாற்காலியை முன்னே தள்ளுவாள், ஒரு கால் வைப்பாள், வாயிலிருந்து எச்சில் வழியும், மறுபடியும் தள்ளுவாள். முரளி பின்னாலேயே குனிந்துகொண்டு, தொடாமல், திட்டிக்கொண்டே வந்தான். "வீட்டு நாற்காலிய விக்கப் போறியாடி? மூஞ்சியப் பாரு, குரங்கு மாதிரி!" திட்டத் திட்ட அவள் கெக்கெக்கென்று சிரித்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பவானி என்னைப் பார்த்துவிட்டாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிள்ளையை அப்படியே தூக்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க ஒண்ணும் பாக்கல."

"சப்பாத்து குடுக்க வந்தேன்லா பவானி."

"ஒண்ணும் பாக்கலன்னு சொல்லுங்க ஆன்ட்டி."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கலர் தண்ணி கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"எட்டு மாசத்துல இவ நல்லா உக்காந்தா ஆன்ட்டி. ஒரு குறையும் இல்ல. யான்ங்கற ஊர்ல எங்க மாமியார் வீட்டுல ஒரு விசேஷம். தூக்கிட்டுப் போனோம். நடுக்கூடத்துல உக்கார வச்சு எல்லாரும் சுத்தி நின்னாங்க. 'எவ்வளவு அழகா உக்காந்திருக்கா, பொம்ம மாதிரி'ன்னு கை தட்டினாங்க. நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல். அப்புறம் கை காலெல்லாம் இழுப்பு. ஆஸ்பத்திரியில கெடந்து எழுந்து வந்தப்ப, உக்காந்த புள்ள சாஞ்சு போச்சு."

முரளி வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்தான்.

"இப்ப நீங்க புதன்கிழமை புதன்கிழமை வந்து கை தட்டுறீங்க. 'வெரி குட், வெரி குட்'னு டீச்சர் கத்துறாங்க. எனக்கு நெஞ்சு எப்படி அடிச்சுக்கும் தெரியுமா? நீங்க போனதும் உப்பு மொளகா சுத்திப் போட்டுட்டுத்தான் நான் சோத்துல கை வைப்பேன்."

"அப்ப ஏன்மா வர்ற?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "வராம இருந்தா? இவளுக்கு நடக்க யாரு சொல்லிக் குடுப்பா? நாற்காலியப் புடிச்சுத் தள்ளுறதே நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

டீச்சரிடம் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

கண்ணேற்றை நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. என் பிள்ளைகளுக்கு நான் கன்னத்தில் பொட்டு வைத்துத்தான் வளர்த்தேன். அதே தோட்டக்காட்டில் வளர்ந்தவள்தான் நானும். ஆனால் அந்த மஞ்சள் சுவருக்குள் போனதும் அது ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். யூனிபாரம் போட்டுக்கொண்டு நானும்தான் தட்டினேன். அதைத்தான் நான் பலநாள் யோசித்தேன். வீட்டில் ஒரு மனுஷியாகவும் வேலையில் வேறு மனுஷியாகவும் எப்படி இருந்தேன் என்று.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஒரு தாய் நம்மிடம், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டால், பிள்ளைக்கு ஆபத்து இருந்தாலொழிய அந்த வாக்கைக் காப்பாற்றவேண்டும். ஹேமாவுக்கு இதில் ஆபத்து எதுவும் இல்லை. அதனால் நான் சொல்லவில்லை. ஆனால் டீச்சர் கூடவே வேலை செய்துகொண்டு மூடி வைப்பது லேசில்லை. அடுத்த புதன்கிழமை வண்டியில் ஏறினதும் அவரே ஆரம்பித்தார்.

"அக்கா, கை தட்டும்போது நான் இத்தனை நாளும் பிள்ளை முகத்தைத்தான் பாத்தேன். போன வாரம் அம்மா முகத்தைப் பாத்தேன். நான் தட்டத் தட்ட அவங்க பிள்ளையக் கிட்ட இழுத்துக்கறாங்க. ஏன்?"

நான் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியும் போல இருக்கே."

"தெரியும் டீச்சர். சொல்லமாட்டேன்னு ஒருத்திக்கிட்ட சொல்லிட்டேன்."

வேறு ஆளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். வேலை போகுமோ என்றுகூட நான் நினைத்தேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "அப்ப சொல்லாதீங்க. நானே கண்டுபிடிக்கிறேன்."

அன்று அவர் கை தட்டவே இல்லை. சும்மா இருந்து பார்த்தார். கொட்டகை அமைதியாக இருந்தது. அம்மாமார்கள் தோளைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்ததை நானும் பார்த்தேன். அன்று ஒருத்தி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்தாள். டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார், "ஏன்மா லேட்டு?"

"எல்லாம் இந்தச் சனியனாலதான் டீச்சர்! என் சிலிப்பர ஒண்ண எடுத்து அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டான். வீடு பூரா தேடுறேன், இவன் பாட்டுக்கு உக்காந்து சிரிக்கிறான்."

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பையன் ஒரு பொருளைக் கையில் பிடிக்கவே மாட்டான் என்றுதான் வாரா வாரம் எழுதிக்கொண்டிருந்தோம். அவன் சிலிப்பரை எடுத்திருக்கிறான், டின் மூடியைத் திறந்திருக்கிறான், உள்ளே போட்டிருக்கிறான், மூடியிருக்கிறான், அம்மா தேடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அதை அவன் அம்மா முன்னேற்றமாகச் சொல்லவில்லை, புகாராகச் சொன்னாள்.

அன்றைக்கு வட்டம் கிடையாது. டீச்சர் ஒவ்வொருவரையும் தனியாக வாசல்வரை வழியனுப்பிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "வீட்டுல ரொம்பச் சேட்டையாமே?"

அவ்வளவுதான். அணை திறந்த மாதிரி கொட்டினார்கள்.

"அய்யோ, கேக்காதீங்க டீச்சர். ராத்திரி சோத்துத் தட்ட வாரித் தரையில ஊத்துறா."

"கதவைத் தொறந்துகிட்டுப் போயிடறான், தாப்பாள மேல மாட்ட வேண்டியிருக்கு."

"அவங்க அப்பா போன எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு என்னமோ கத்துறா, மானம் போகுது."

டீச்சர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பெரிய தொல்லைதான்மா" என்று ஒவ்வொருத்திக்கும் ஆறுதல் சொன்னார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அக்கா, இவ்வளவும் செஞ்சிருக்காங்க. ஏன் மறைச்சாங்கன்னும் எனக்கு இப்பத் தெரியும். என் அம்மாவும் எனக்குக் கன்னத்துல பொட்டு வச்சவங்கதான்."

பவானி மட்டும் அன்று எந்தப் புகாரும் சொல்லவில்லை. ஹேமா சமத்து என்றாள்.

டீச்சர் புதிதாக எழுதிக் கொடுத்ததைத் தலைவர் நம்பவில்லை. "போன மாசம் வரைக்கும் ஒண்ணுமில்ல, இந்த மாசம் எல்லாருக்கும் எல்லாம் வந்துருச்சா? நான் நேர்ல வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அவர் வருவதாகச் சொன்ன புதன்கிழமையும் வந்தது. பாய் விரித்து முடிப்பதற்குள் ஒரு பையனுக்கு இழுப்பு வந்துவிட்டது. டீச்சர் அவனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அடங்கும்வரை பார்த்து, அவனையும் அவன் அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டார். "அக்கா, பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். (பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலமே வீடு திரும்பிவிட்டான்.) மிச்சமிருந்த அம்மாமார்கள் சுவரோரம் ஒட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பிள்ளை மடியில். பவானி ஹேமாவைப் பிடித்த பிடியில் பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கும். இழுப்பைப் பார்த்ததும் அவளுக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத்தானே தெரியும்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கார் வந்து நின்றது. கையில் பெரிய ரொட்டிப் பொட்டலம், முகம் நிறையச் சிரிப்பு.

"வணக்கம், வணக்கம்! எங்க நம்ம சிங்கக்குட்டிங்க எல்லாம்? டீச்சரம்மா எங்க?" நான் சொன்னேன். "அடடா. சரி, வந்தது வந்துட்டேன். எங்க, ஒவ்வொருத்தரா நடந்து காட்டுங்க பாப்போம்! நல்லா நடக்கிற புள்ளைக்கு எல்லாரும் ஜோரா ஒரு கைதட்டு!"

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் தட்டத் தயாராக வைத்துக்கொண்டார். ஒருத்தியும் பிள்ளையை இறக்கவில்லை. பவானி எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் அன்றைக்கு அந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. யாரும் பிள்ளையை இறக்கிவிடாவிட்டால் தலைவர் எழுந்து போய், மாற்றமில்லை என்று சொல்லிவிடுவார். ஹேமா நடக்கிறாள், நான் பார்த்தேன் என்று நான் சொல்லிவிடலாம். சொன்னால் வண்டி வரும், பவானி வரமாட்டாள்.

அதுவரைக்கும் அந்த மனுஷனிடம் நான் "தேத்தண்ணி ஐயா" என்பதற்கு மேல் பேசியதில்லை. அன்றும் தேத்தண்ணியைத்தான் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றேன்.

"என்னம்மா?"

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? உங்க பேரப்புள்ளையப் பாத்து யாராச்சும் 'நல்லா கொழுகொழுன்னு இருக்கான்'னு சத்தமாச் சொன்னா, வீட்டுல அம்மா என்ன செய்வாங்க?"

"என் சம்சாரமா? சொன்னவன் வாசலத் தாண்டுறதுக்குள்ள உப்பத் தூக்கிட்டு வந்துருவா. ஏன் கேக்கற?"

நான் சுவரோரம் பார்த்தேன். அவரும் பார்த்தார். தட்டத் தயாராக இருந்த கைகளை மெல்ல மடியில் இறக்கிக்கொண்டார். குரலும் இறங்கிவிட்டது.

"அடக் கடவுளே. இப்ப நான் என்ன செய்யணும்?"

"திட்டுங்க ஐயா."

"திட்டவா?"

"ஆமா ஐயா. இங்க அதுதான் கைதட்டு."

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். யோசித்தார். பிறகு அந்தப் பெரிய குரலில், "ஏன்மா, இதுங்கெல்லாம் வீட்டுல உங்களப் பாடாப் படுத்துதாமே? என் பேரன் இருக்கானே, அவன மாதிரி ஒரு போக்கிரி இந்தக் கெடா மாநிலத்துலயே கெடையாது!" என்று ஆரம்பித்து, பேரன் கடையில் மிளகாய்த்தூளைக் கொட்டிய கதையை எடுத்துவிட்டார். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "அது என்ன ஐயா, இவன் என் சிலிப்பர..." என்று தொடங்கினாள். பேச்சு சூடுபிடித்தது. மடிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. நான் பாயில் பொம்மைகளைப் பரப்பினேன்.

தலைவருக்குப் போன் வந்தது. பேச எழுந்து வாசலுக்குப் போனார். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி நடுக்கொட்டகையில் தனியாக நின்றது. பச்சை நிறம். ஹேமா அதையே பார்த்தாள். பவானியின் மடியில் நெளிந்தாள், வழுக்கி இறங்கினாள், தவழ்ந்து போய் நாற்காலியின் காலைப் பிடித்து, ஏறி நின்று, முதுகைப் பற்றிக்கொண்டாள்.

கிர்ர்.

தலைவர் திரும்பினார். போன் காதில் இருக்க, அவர் இன்னொரு கை தட்டுவதற்குத் தானாக உயர்ந்தது. அந்தக் கை பாதி வழியில் நின்று, போய்த் தலையைச் சொறிந்தது.

"அடியே! யாருடி நீ? என் நாற்காலிய எங்கடி தள்ளிட்டுப் போற? தலைவர் நாற்காலிடி அது! தேர்தல்ல நின்னியா நீ? போலீசக் கூப்பிடவா?"

ஹேமா கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினாள். அம்மாமார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுவர்வரை தள்ளிக்கொண்டு போய் மோதி நின்று, திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். கொட்டகையில் ஒருவரும் கை தட்டவில்லை.

பவானி என்னைப் பார்த்தாள். நீங்கள் சொன்னீர்களா என்று கண் கேட்டது. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

தலைவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவளிடம் வந்தார். "உன் மகளாம்மா இந்தத் திருடி? எப்படி இருக்கா?"

பவானி குனிந்தபடி சொன்னாள், "அப்படியேதான் இருக்கா ஐயா. ஒரு மாத்தமும் இல்ல."

அவர் ஹேமாவைப் பார்த்தார். பவானியைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தலையாட்டினார்.

"ஆமாம்மா. நானும் பாத்தேன். அப்படியேதான் இருக்கா. ஒரு மாத்தமும் இல்ல." என் பக்கம் திரும்பி, "டீச்சர்கிட்ட சொல்லுங்க. மாத்தம் வர்ற வரைக்கும் புதன்கிழமை வண்டி இங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஹேமாவிடமிருந்து நாற்காலியைப் பிடுங்காமல் நின்றபடியே மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.

கோலா மூடாப் பிள்ளைகளுக்கு வேறு கிழமை கிடைக்கக் கொஞ்ச காலம் ஆனது. அதுவரை அவர்கள் காத்திருந்தார்கள். அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான். ஒரு வண்டியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறபோது, வராத இடத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். டீச்சர் மறக்கவில்லை. வேறு கிழமைக்காக அவர் நடையாக நடந்ததை நான் பார்த்தேன்.

காய்ச்சலையும் இழுப்பையும் பற்றி டீச்சர் பிறகு பவானியைத் தனியாக உட்காரவைத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். மாமியார் வீட்டில் கை தட்டினதால் வந்ததில்லை அது என்று சொன்னார். பவானி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். உப்பு மிளகாய் சுற்றுவதை விடவில்லை. "ரெண்டும் ஒரே வீட்டுல இருந்துட்டுப் போகட்டும் அக்கா" என்றார் டீச்சர்.

நீங்கள் போகிற இடத்தில் அம்மாமார்கள் வேறு எதையாவது மறைப்பார்கள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஒன்றுமில்லை என்று ஒருத்தி சொல்லிவிட்டு அடுத்த வாரமும் மழையில் வந்து நின்றால், சலித்துக்கொள்ளாமல், ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது.

இதில் பிழை இருக்கும். கொட்டகைச் சுவர் மஞ்சளா இளம்பச்சையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தலைவர் கொண்டுவந்தது ரொட்டிதானா முறுக்கா என்றும் தெரியவில்லை. சிலிப்பரை ஒளித்தவன் எந்தப் பையன் என்பதும் குழம்புகிறது. உங்களில் யாராவது டீச்சரிடம் போன் பண்ணிக் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். தலைவரிடமும் கேட்கலாம், கடையில்தான் இருப்பார்.

ஹேமா இப்போது எப்படி இருக்கிறாள் என்று மட்டும் பவானியிடம் கேட்காதீர்கள். அப்படியேதான் இருக்கா என்பாள். இப்போது என்ன சேட்டை செய்கிறாள் என்று கேளுங்கள். கேட்டதை எனக்கும் வந்து சொல்லுங்கள்.